வலிக்காத பக்கம்

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பல் மருத்துவம் படித்த ஐந்து வருஷமும், குறடைக் கையில் எடுத்தாலே நோயாளியைவிட எனக்குத்தான் அதிகம் வியர்க்கும். அதனால்தான் படிப்பு முடிந்ததும் வாயைத் திறக்கச் சொல்லும் வேலையே வேண்டாம் என்று எக்ஸ்ரே படம் பார்க்கும் வேலைக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரு திரை, அதில் கட்டைவிரல் நகம் அளவில் படங்கள், ஓரத்தில் ஓர் எண். ஆள் யாரென்று தெரியாது. படங்கள் கத்துவதில்லை, கையைத் தட்டிவிடுவதில்லை. பதினொரு வருஷம் நிம்மதியாக ஓடியது.

அந்த நிம்மதி போன வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குப் போயிற்று. அதைச் சொல்வதற்கு முன் கொத்தனாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

ஆழமாகச் சொத்தையான பல்லைச் சுரண்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். அதுதான் பற்கூழ். பல்லின் உயிர் அதில்தான் இருக்கிறது. அது வெளியே தெரிந்துவிட்டால் உடனே மூட வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். எதைப் போட்டு மூடுவது என்பது எங்கள் துறையில் நூறு வருஷச் சண்டை. முதலில் சுண்ணாம்பு. கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் வெற்றிலைக்குத் தடவுகிறார்களே, கிட்டத்தட்ட அதேதான். அதற்குப் பிறகு சிமெண்ட். அதுவும் வீடு கட்டும் சிமெண்ட்டைக் கழுவிச் சுத்தம் செய்து எடுத்ததுதான். இரண்டுமே கூழின்மேல் ஒரு மெல்லிய சுவர் எழும்ப உதவும். பாதிப் பேருக்கு நிற்கும், மீதிப் பேருக்கு ஐஸ் தண்ணீர் பட்டால் சுளீரென்று வலிக்கும்.

மூன்றாவதாக வந்தது உயிருள்ள களிம்பு. ஆய்வகத்தில் வளர்த்த செல்கள். காயம் எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடித்துப் போய், அங்கே தாங்களே சுவர் எழுப்பும். அதற்கு நீளமான ஒரு பெயர் உண்டு. எங்கள் கோவைக் கல்லூரியில் எல்லோரும் கொத்தனார் என்றுதான் சொன்னோம்.

சிமெண்ட்டா, கொத்தனாரா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆய்வு. அறுபத்து நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் கீழ்த்தாடையில் இரண்டு சொத்தை, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒரு பல்லில் சிமெண்ட், மறு பல்லில் கொத்தனார். ஒரே வாய், ஒரே சாப்பாடு, ஒரே எச்சில், அப்போதுதான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். இரண்டு களிம்பும் பார்க்க ஒரே மாதிரி வெள்ளை. எந்தப் பக்கம் எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, படம் பார்க்கும் எனக்கும் தெரியாது. பட்டியல் பூட்டிக் கிடந்தது.

ஆள் பிடித்துக் கொடுத்தது என் கணவர் தரணிதரன். கணபதி பக்கம் ஒரு பம்பு செட் கம்பெனியில் லேத் பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வை. ஒரு நாளைக்கு ஆறு டீ, ஆறிலும் சர்க்கரை தூக்கலாகக் குடிக்கும் கூட்டம் அது. சொத்தைப் பல்லுக்குப் பஞ்சமே இல்லை. முப்பது பேருக்கு மேல் அவரே கூட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் அறுபத்து மூன்றில் நின்றது. ஆய்வை நடத்துபவர்களின் சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. அவருக்கும் இரண்டு பக்கமும் சொத்தை. கம்பெனி முகவரியைக் கொடுத்துச் சேர்ந்துகொண்டார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

ஆறு மாதத்தில் என் திரையில் பச்சையாகக் கொட்டியது. சுவர் எத்தனை தடிமன் என்று அளப்பதுதான் என் வேலை. தடிமன் கூடக் கூடப் பச்சை மதிப்பெண். பெரும்பாலானவர்களுக்கு ஒரு பல் சுமாராகவும் மறு பல் பிரமாதமாகவும் வந்தது. பிரமாதமான பல்லில் வலியே இல்லை. எங்கள் படத்தில் ஒரு பல்லும் அதன் வேரும் மட்டும்தான் அடங்கும். வேருக்கு அந்தப் பக்கம் தாடை என்று ஒன்று இருப்பதையே பல் மருத்துவர்கள் நாங்கள் மறந்திருந்தோம்.

வியாழக்கிழமை வந்தது முழுத் தாடைப் படம். முப்பத்தொன்றாம் எண், பூபதி, தரணியின் கம்பெனி ஆள். நாலு நாளைக்கு முன் சர்வீஸ் ரோட்டில் வண்டி சறுக்கி வலத் தாடை உடைந்திருந்தது. மருத்துவமனையில், பல்லில் ஏதோ போட்டிருக்கிறதே என்று எங்களுக்கும் பெயரோடு ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள்.

தாடை எலும்புக்குள் நரம்பு ஓடும் பாதை படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டும். பூபதிக்கு இடப்பக்கப் பாதை வெள்ளையாக இருந்தது. பல்லின் வேரில் ஆரம்பித்துப் பின்னால் ஓடி, தாடை மடிப்பில் ஏறி, மண்டைக்குள் நுழையும் இடம் வரை சுண்ணாம்புக் கோடு மாதிரி ஒரே வெள்ளை. வலப்பக்கப் பாதையும் அதே மாதிரி, மேலிருந்து கீழாக, எலும்பு உடைந்த இடம் வரை. அந்த உடைப்பில் கச்சிதமாக ஒரு சுவர். ஆறு வாரத்தில் கூட வேண்டிய எலும்பு நாலே நாளில் மூடியிருந்தது.

படத்தைப் பெரிதாக்கி மறுபடியும் பார்த்தேன்.

மதியம் மருத்துவமனைக்குப் போனேன். பூபதியின் மனைவி கௌசல்யா வார்டு வாசலில் நின்றிருந்தாள்.

"பல்லு டாக்டருங்களா? வாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. தாடை ஒடஞ்சு வந்த மனுசன் ஒரு தடவகூட வலிக்குதுன்னு சொல்லலீங்க. நர்ஸம்மாவே ஆச்சரியப்பட்டாங்க. மொத நா நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு. அடுத்த நா வார்த்த கொளறுச்சு. நேத்திருந்து கூப்புட்டாத் திரும்பறதே இல்லீங்க."

"தூங்குறாரா?"

"இல்லீங்க, முழிச்சுட்டுத்தான் இருக்காரு. உள்ள ஆளைக் காணோம், அவ்வளவுதான்."

எட்டிப் பார்த்தேன். கண்கள் திறந்திருந்தன. முகத்தில் எந்த வேதனையும் இல்லை. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை; திரும்பி நடந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வின் தலைவர் டாக்டர் குருபரனின் அறைக்குப் போனேன். படத்தைப் பார்த்ததும் அவர் எழுந்து கதவைச் சாத்தினார். ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"காயத்தைத் தேடிப் போகும்னு நாமதானே செஞ்சோம், வாசுகி. போயிருக்குது."

"பல்லுக்குள்ள இருக்கற காயத்துக்குத்தானே சார் செஞ்சோம்?"

"அதுக்கு எப்படித் தெரியும், எது பல்லு எது தாடைன்னு? பல்லு மூடியாச்சு, வேலையில்லாம உக்காந்திருந்துச்சு. அந்தப் பக்கம் பெருசா ஒரு ஒடப்பு. கெளம்பிருச்சு. நரம்பைத் தவிர அதுக்கு வழி தெரியாது. இடத் தாடை நரம்பும் வலத் தாடை நரம்பும் எங்க சந்திக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும். இரண்டாம் வருஷப் பாடம். மூளையின் அடித்தண்டில்தான்.

"போற வழியெல்லாம் சுவர் எழுப்பிட்டே போயிருக்குது" என்றார். "பூபதியோட தலைக்குள்ளயும்."

"சார், மீதி அறுபத்து மூணு பேரு?"

"காயம் எதுவும் படாத வரைக்கும் அசையாது. கொத்தனார் இருக்கற பல்லை மட்டும் எடுத்துட்டா முடிஞ்சுது. காயமும் அங்கயேதான், வேலையும் அங்கயேதான், மூட்டையோட வெளிய வந்துரும். ஆனா மாத்தி எடுத்துட்டோம்னா..."

அவர் முடிக்கவில்லை. மாற்றி எடுத்தால் மறுபக்கம் பெரிய பள்ளம். இந்தப் பக்கத்திலிருந்து கிளம்பும். பூபதி மாதிரியே.

"இப்பவே எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லணும் சார்."

"என்ன சொல்வீங்க? ரெண்டுல ஒரு பல்லு ஆபத்துன்னா, நேரா பக்கத்துக் கிளினிக்குக்குப் போய் உக்காந்துருவாங்க. எந்தப் பல்லைக் காட்டுவாங்க?"

நம் ஜனங்கள் பல் டாக்டரிடம் வருவதே வலித்தால்தான். வலிக்கிற பல்லைத்தான் காட்டுவார்கள். வலிப்பது சிமெண்ட் பல். விட்டுவைக்க வேண்டியதே அதைத்தான்.

"அப்ப வலிக்காத பல்லை எடுன்னு சொல்லலாமில்லீங்களா?"

"சிமெண்ட் வெச்ச பல்லு செத்துப்போயிருந்தா அதுவும்தான் வலிக்காது. பத்துல ஒண்ணு அப்படி இருக்கும். படத்துல சுவர் தடிமனை வெச்சும் நூத்துக்கு நூறு சொல்ல முடியாது. அந்தப் பத்துல ஒருத்தரைக் கொல்லச் சொல்றீங்களா?" குரலைத் தாழ்த்தினார். "ரெண்டையும் எடுக்கறதுன்னாலும் எதை மொதல்ல எடுக்கறதுன்னு தெரியணும். பட்டியல் வேணும். அதைத் திறக்க என் கைரேகையும் நெறிமுறைக் குழுத் தலைவரோட கைரேகையும் சேந்து விழணும். அவர் அந்தமான்ல இருந்து ஞாயித்துக்கெழமை சாயங்காலம்தான் எறங்கறாரு. திங்கக்கெழமை காலைல திறக்கறோம். அது வரைக்கும் நீங்க யார்கிட்டயும் மூச்சுவிடக் கூடாது. ஒரு ஆள்கிட்டக்கூட."

சரி என்று தலையாட்டினேன். அறுபத்து நான்காம் எண் யார் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அன்று மாலையிலிருந்து என் வீடு எனக்கே அந்நியமாகிப் போனது. எங்கே பார்த்தாலும் கூர்மையான பொருள். தரணியின் சவரக்கத்தியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். பல் குத்தும் குச்சிகளைக் குப்பையில் போட்டேன். முறுக்கு டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றினேன். இரவுச் சாப்பாட்டுக்குத் தயிர் சாதத்தைக் குழையப் பிசைந்து வைத்ததும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏன் அம்மிணி, எனக்குப் பல்லு போயிருச்சா என்ன? கைக்கொழந்தைக்குப் பெசையற மாதிரி பெசஞ்சு வெச்சிருக்கற?"

"வயித்துக்கு நல்லதுங்க."

"என்ற வயித்துக்கு என்ன கேடு?"

சனிக்கிழமை காலை வண்டிச் சாவியையும் ஒளித்துவிட்டேன். அவர் சாவியைத் தேடு தேடென்று தேடிவிட்டுப் பஸ்ஸில் போனார். பஸ் படியில் வழுக்கி விழுந்தால் என்ன செய்வது என்று அப்புறம்தான் தோன்றியது. கம்பெனிக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை அவர் எடுத்ததுமே, "உசுரோடத்தான் இருக்கறேன்" என்றார். அவர் சிரித்தார், எனக்குக் கண்ணீர் வந்தது.

மதியம் அரை நாளோடு வந்தார். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். பிரிட்ஜிலிருந்து ஒரு பனிக்கட்டியை எடுத்துப் பஞ்சில் சுற்றி முதலில் வலப்பக்கப் பல்லில் வைத்தேன்.

"ஜில்லுன்னு தெரிஞ்சா கையைத் தூக்குங்க."

வைத்த வேகத்தில் கை தூக்கினார். முகம் கோணியது. "அய்யோ, எடு எடு, மண்டைக்கு ஏறுது!"

இடப்பக்கம் வைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பனி உருகித் தண்ணீர் தாடை வழியாகச் சட்டையில் சொட்டியது. கை எழும்பவில்லை. அந்தக் கை எழும்பாதா என்று வேண்டாத தெய்வமில்லை. பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன், முப்பதும் எண்ணினேன். கொத்தனாரா, செத்துப்போன சிமெண்ட் பல்லா என்று பனிக்கட்டியால் சொல்ல முடியவில்லை.

"அந்தப் பல்லு சூப்பரா இருக்குது. உங்க கொத்தனாரு வேலையாத்தான் இருக்கோணும்" என்றார்.

அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். பூபதியைப் பற்றி, நரம்பைப் பற்றி, தலையைப் பற்றி. சொன்னால் அவர் பயந்துவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. விதி தெரிந்தும் உங்களைச் சேரவிட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத்தான் பயம்.

"என்னாச்சு வாசு? ரெண்டு நாளாப் பேயறைஞ்ச மாதிரி இருக்கற."

"ஒண்ணுமில்லீங்க. ரெண்டு பல்லுல ஒண்ணை எடுக்க வேண்டி வரும்போல. எதுன்னு திங்கக்கெழமைதான் தெரியும்."

"இவ்வளவுதானா? இதுக்கா சவரக்கத்தியக் கொண்டுபோய் அரிசிக்குள்ள வெச்ச?" என் கையைப் பிடித்தார். "கை இப்படி நடுங்குது உனக்கு. என்ற பல்லை நீ எடுக்கோணும்னு பயமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்துக்கு அதுதான் சுலபமாக இருந்தது.

"நீ ஒரு பைத்தியம்" என்று தலையில் கை வைத்து ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நன்றாக விடிந்திருந்தது. இன்னும் ஒரே நாள்தான். குழுத் தலைவரின் விமானம் சரியான நேரத்துக்குத்தான் வருகிறது என்று குருபரன் செய்தி அனுப்பியிருந்தார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. தரணி கறி வாங்கி வருவதாகச் சொல்லி ஒன்பதரைக்குக் கிளம்பினார். எலும்பில்லாமல் வாங்குங்கள் என்றேன். நடந்தே போங்கள் என்றேன். ரோட்டின் ஓரமாகப் போங்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பத்தரைக்கு வர வேண்டியவர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். கையில் கறிப் பை இல்லை. ஒரு கன்னம் உப்பியிருந்தது. கடித்த பஞ்சை வெளியே எடுக்காமல், ஜெயித்துவிட்டு வந்த ஆள் மாதிரி சிரித்தார்.

"முடிஞ்சுது அம்மிணி. இனி நீ நடுங்க வேண்டாம்."

"எது முடிஞ்சுது?"

"பல்லுதான். நம்ம தெருமுனைக் கிளினிக்குல. ரொம்ப வலிக்குதுன்னு சொன்னேன், பத்தே நிமிசத்துல எடுத்துட்டாரு. நீ எடுக்கோணும்னு கெடந்து பயந்துட்டே இருந்தயில்ல. நானே போயிட்டு வந்துட்டேன்."

"எந்தப் பக்கம்?"

அவர் சிரித்துக்கொண்டே நின்றார். மறுபடியும் கேட்டேன்.

வலக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "வலிச்ச பல்லுதான். வலிக்காததை எவனாச்சும் புடுங்குவானா?"

இடப்பக்கம் செத்த பல்லாக இருக்கலாம், பத்தில் ஒன்று அப்படி இருக்கும், ஏன் இவராக இருக்கக் கூடாது என்று மனசு ஓடியது. ஆறு மாதமாகப் பச்சை பச்சையாக மதிப்பெண் போட்ட ஒரு பல் நினைவுக்கு வந்தது. அதன் வேர் கொக்கி மாதிரி வளைந்திருக்கும், இடப்பக்கம். யாருடையது என்று தெரிந்தும் தெரியாத மாதிரி அளந்துகொண்டிருந்த பல்.

அவருடைய போன் மேஜைமேல் இரண்டு முறை கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நம்ம பசங்களுக்கும் சொல்லிட்டேன். எங்கூட வந்தவனுக எல்லாரும் கம்பெனி குரூப்புல இருக்கறானுக. டாக்டரம்மா சொல்லிருக்குது, ரெண்டுல ஒரு பல்லு எடுத்தே ஆகோணுமாம், வலிக்கறதை எடுத்துட்டு வந்துருங்கன்னு காலைல போட்டுட்டேன். ஞாயித்துக்கெழமை, எல்லாருக்கும் லீவுதானே. பாரு, ஒருத்தனும் தட்டல."

திரையில் வரிசையாகப் படங்கள். உள்ளங்கையில் ஒரு பல், காகிதத்தில் ஒரு பல், பஞ்சு கடித்த வாயோடு கட்டைவிரல் தூக்கிய முகம். 'வலி விட்டுச்சுண்ணா.' 'தேங்ஸ்ங்ணா, அக்காகிட்ட சொல்லிருங்க.' எண்ணிப் பார்த்தேன், பதினேழு. எண்ணி முடிப்பதற்குள் பதினெட்டு. யாரும் பல்லை எடுக்காதீர்கள் என்று அடித்து அனுப்பினேன். பத்தொன்பதாவது படம் அதற்குக் கீழே வந்து விழுந்தது.

குருபரனைக் கூப்பிட்டேன். அழுதுகொண்டே சொன்னேன், விதியை மீறியதையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. "எடுத்து எவ்வளவு நேரமாச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணரை மணி நேரம் இருக்கும் சார்."

"கெளம்பியிருக்காது. கெளம்பியிருக்காதுன்னு நெனைக்கறேன். உடனே கூட்டிட்டு வாங்க, இடப்பக்கப் பல்லையும் எடுத்துரலாம். ஓடுங்க."

செருப்பைத் தேடினேன், ஒளித்து வைத்த வண்டிச் சாவியைத் தேடினேன். எங்கே வைத்தேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. தரணி சமையலறையில் நின்று சொம்பிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வாயின் இடது ஓரமாகத் தண்ணீர் வழிந்து கழுத்தில் இறங்கியது. அது அவருக்குத் தெரியவில்லை.

"தொடைங்க" என்றேன்.

வலது ஓரத்தைத் துடைத்தார்.

"இந்தப் பக்கம்." என் விரலால் அவருடைய இடது உதட்டைத் தொட்டேன். அழுத்தினேன். கிள்ளினேன். அவர் என்னையே பார்த்தார், என்ன செய்கிறேன் என்று தெரியாமல்.

"ஊசி எத்தனை போட்டாருங்க?"

"ஒண்ணுதான்."

"எந்தப் பக்கம்?"

"எடுத்த பக்கந்தான், வலப்பக்கம். ஆனா வர்ற வழியிலயே இந்தப் பக்கமும் மரத்துப் போச்சு, கண்ணு வரைக்கும்" என்றார் தரணி, இடக் கன்னத்தைத் தட்டிக்கொண்டே. "நல்ல ஊசியாட்ட இருக்குது, அம்மிணி. துளிகூட வலிக்கல."